பொதுநோக்கும் வரிசையறிதலும்: செயற்கை நுண்ணறிவு திருத்தும் பணி விண்ணப்பங்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தன்விவரக் குறிப்பையும் பணி விண்ணப்பத்தையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையால் செம்மைப்படுத்தும் வழக்கம் தமிழ் ஆய்வாளரிடையேயும் பரவியுள்ளது. இக்கட்டுரை அவ்வாறு திருத்தப்பெறும் விண்ணப்பத்தை ஒரு பனுவலாகக் கொண்டு திறனாய்கிறது. புறநானூற்றின் பரிசில் குறித்த பாடல்கள் வழியாக ‘வேண்டும் எழுத்து’ எதனால் நம்பத்தக்கதாகிறது என்பதை வரையறுத்து, கருவியின் திருத்தத்தில் அப்பண்பு எவ்வாறு தேய்கிறது என்பதை ஒரு மாதிரியின் துணைகொண்டு காட்டுகிறது. வினைமுற்று தொழிற்பெயராக மாறுமிடத்திலேயே விண்ணப்பதாரரின் உழைப்பும் பொறுப்பும் மறைகின்றன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பணி விண்ணப்பம், தன்விவரக் குறிப்பு, பெருமொழி மாதிரி, பரிசில் துறை, வினைமுற்று, தொழிற்பெயர்.

1. முன்னுரை

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் பெருமொழி மாதிரிகள் மிக விரைவாக நுழைந்த எழுத்து வகைகளுள் பணி விண்ணப்பமும் ஒன்று. காரணம் வெளிப்படை. விண்ணப்பம் குறுகியது, அதற்கென ஒரு வாய்பாடு உண்டு, எழுதுபவருக்கு அதில் விருப்பத்தைக் காட்டிலும் அச்சமே மிகுதி. தமிழில் முனைவர் பட்டம் பெற்று, ஆங்கிலத்தில் விண்ணப்பிக்க நேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இவ்வச்சம் இருமடங்கு. அவருடைய ஆய்வேடு முந்நூறு பக்கத் தமிழில் தெளிவாகப் பேசும். ஒரு பக்க ஆங்கில விண்ணப்பத்தில் அவர் திக்குவார். அத்திக்கலைக் கருவி நொடிப்பொழுதில் நீக்கிவிடுகிறது. இதனை ஓர் எளிய நன்மையாகவேனும் ஏற்காமல் தொடங்கும் எந்தத் திறனாய்வும் நேர்மையானதாகாது.

எனினும், திக்கலோடு சேர்ந்து வேறு எதுவும் நீக்கப்படுகிறதா என்னும் வினா எஞ்சுகிறது. கருவியைப் பயன்படுத்தலாமா கூடாதா என்னும் அறவினாவே இதுவரை மிகுதியும் பேசப்படுகிறது. திருத்தப்பட்ட பனுவலை வரிவரியாக வாசிக்கும் முயற்சி அருகியே காணப்படுகிறது. இலக்கியத் திறனாய்விலும் இலக்கணத்திலும் பயிற்சியுடைய தமிழ்த்துறையினர் செய்யத்தக்க பணி அது.

2. வேண்டும் எழுத்தின் மரபு

ஒருவர் தம் தகுதியை எடுத்துரைத்து மற்றொருவரிடம் ஒன்றனை வேண்டும் எழுத்துக்குத் தமிழில் நெடிய மரபுண்டு. புறநானூற்றின் பாடாண் திணையில் பரிசில் துறை, பரிசில் கடாநிலை, பரிசில் விடை முதலியனவாக அது வகைப்படுத்தப்பட்டுள்ளது. பரிசிலும் பணியும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். பரிசில் புரவலரின் விருப்பம். பணி, சட்டமும் இடஒதுக்கீடும் தகுதி வரையறையும் கட்டுப்படுத்தும் உரிமை. ஆதலின் இங்கு ஒப்பிடப்படுவது நிறுவனங்கள் அன்று; வேண்டும் எழுத்தின் இயல்பே.

அவ்வியல்பை மூன்று பாடல்கள் தெளிவாக்குகின்றன. பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் வறுமையைச் சொல்லும் 164ஆம் பாடலில் ‘நான் மிகவும் வறியவன்’ என்னும் பொதுக்கூற்றால் அவர் காரியம் சாதிக்க முயலவில்லை. சமைப்பதையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருப்பதைக் காட்டுகிறார். அந்த ஒரு காட்சிக்கு மேல் குமணனுக்குச் சான்று தேவைப்படவில்லை. வேண்டும் எழுத்துக்கு நம்பகத்தன்மை தருவது அடைமொழி அன்று, குறிப்பான செய்தி என்பது இதனால் பெறப்படுகிறது.

கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் கூறும் 121ஆம் பாடல் வாசிப்பவர் பக்கம் நின்று பேசுகிறது. பரிசிலர் பல திசைகளிலிருந்தும் வருவர், கொடுத்தல் எளிது, அவரவர் தரமறிதலே அரிது, ஆகவே புலவரைப் பொதுநோக்கால் நோக்குதலை விட்டுவிடுக என்பது அதன் கருத்து. பெருஞ்சித்திரனாரின் 208ஆம் பாடல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலேயே கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் மறுக்கிறார். தம் தகுதியை அளந்தறிந்து கொடுத்தால் தினையளவும் தமக்கு இனிது என்கிறார்.

குறிப்பான செய்தி, தரமறியும் நோக்கு, காணப்படுதல் ஆகிய இம்மூன்றும் வேண்டும் எழுத்தை அளக்க உதவும் அளவுகோல்களாக இக்கட்டுரையில் கொள்ளப்படுகின்றன.

3. வாயிலில் நிற்கும் மென்பொருள்

இன்றைய விண்ணப்பத்தை முதலில் வாசிப்பது பெரும்பாலும் மனிதர் அல்லர் என்னும் நம்பிக்கையே திருத்தக் கருவிகளின் சந்தையை வளர்த்துள்ளது. பெருநிறுவனங்கள் பல, விண்ணப்பங்களைப் பெற்று வகைப்படுத்தும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அது தன்விவரக் குறிப்பைக் கல்வி, அனுபவம், திறன் எனக் கூறுகளாகப் பிரித்துச் சேமிக்கிறது. பணி அறிவிப்பில் உள்ள சொற்களோடு அவற்றை ஒப்பிட உதவுகிறது. எனவே அறிவிப்பின் சொற்களையே விண்ணப்பத்திலும் பெய்துவைக்கும் உத்தி தோன்றியது. கருவிகள் முதன்மையாகச் செய்வதும் அதுவே.

ஔவையார் அதியமான் வாயிலில் நின்று வாயிலோனை விளித்துப் பாடிய 206ஆம் பாடல் இங்கு நினைக்கத்தக்கது. பரிசில் காலந்தாழ்ந்தபோது அவர் வாயிலோனிடம் பேசினாலும் கேட்க வேண்டியவன் அஞ்சியே என்பது பாடலில் வெளிப்படை. வாயிலோனுக்கு உகந்த சொற்களால் மட்டும் அமைந்த விண்ணப்பம் வாயிலைக் கடந்தபின் அரசனிடம் சொல்ல ஏதுமற்றதாகிவிடும்.

வாயில் நடுவுநிலையானது என்றும் கொள்வதற்கில்லை. அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கி வந்த தெரிவுக் கருவி ஒன்று, பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. அவ்விண்ணப்பங்களுள் பெரும்பாலானவை ஆடவருடையவை. ஆதலால் ‘மகளிர்’ என்னும் சொல் இடம்பெற்ற குறிப்புகளை அது தாழ்த்தி மதிப்பிட்டது. நிறுவனம் அதனைக் கைவிட்டதை 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆட்சேர்ப்புக்கான கருவிகளை மிகுஇடர் வகையில் சேர்த்திருப்பதன் பின்னணி இத்தகைய அனுபவங்களே.

இதற்கு மறுதலையாக, மனித வாசிப்பும் குற்றமற்றதன்று. சுகதேவ் தோரட், பால் ஆட்டவெல் ஆகியோர் 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளியிட்ட ஆய்வு, நிகரான தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிச் சோதித்தது. தலித், முஸ்லிம் பெயர்கள் தாங்கிய விண்ணப்பங்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயருடையவற்றைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே ‘காணப்படுதல்’ என்னும் அளவுகோலைச் சற்றுக் கூர்மைப்படுத்த வேண்டியுள்ளது. காணப்பட வேண்டியது விண்ணப்பதாரரின் பிறப்பு அன்று. அவர் செய்த வேலை. பெயரை மறைத்து வேலையைக் காட்டும் விண்ணப்பம் நியாயமானது. வேலையை மறைத்துப் பெயரை மட்டும் விட்டுவைக்கும் விண்ணப்பம் பழைய அநீதிக்கே வழிவிடும். கருவியின் திருத்தம் இவ்விரண்டனுள் எதற்குத் துணைபோகிறது என்பதே ஆராயத்தக்கது.

4. ஒரு மாதிரியின் வாசிப்பு

கீழ்வரும் மூன்று பகுதிகளும் கருவிகளின் திருத்தங்களில் பரவலாகக் காணப்படும் போக்குகளை ஒருங்கே காட்டும் பொருட்டு இக்கட்டுரையாளர் அமைத்துக்கொண்டவை. எந்தத் தனிமனிதரின் விண்ணப்பமும் அன்று. குறிப்பிட்ட ஒரு கருவியின் வெளியீடும் அன்று. உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் ஒரு நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் தம் களப்பணியை விவரிப்பதாகக் கொள்வோம்.

மாதிரி அ (ஆய்வாளர் முதலில் எழுதியது):
நான் 2021 முதல் 2024 வரை உசிலம்பட்டிப் பக்கம் ஏழு ஊரில் ஒப்பாரிப் பாடல் சேகரித்தேன். மொத்தம் 112 பாடல். அலைபேசியில் பதிவு செய்து பிறகு கையால் எழுதினேன். அதில் 40 பாடலை எழுத என்னோடு படித்த தோழி உதவினார். இரண்டு ஊரில் என் அம்மா கூட வந்ததால்தான் பெண்கள் பாடினார்கள்.

மாதிரி ஆ (கருவியின் இயல்பில் திருத்தியது):
நாட்டார் வழக்காற்றியலில் ஆழ்ந்த ஈடுபாடும் பரந்த கள அனுபவமும் கொண்ட அர்ப்பணிப்புமிக்க ஆய்வாளர். வாய்மொழி மரபுகளின் ஆவணப்படுத்தலிலும் பாதுகாப்பிலும் முன்னணிப் பங்களிப்பு. நவீனத் தொழில்நுட்பங்களின் திறம்பட்ட பயன்பாட்டின் வழி விரிவான தரவுத்தொகுப்பு உருவாக்கம். சமூகப் பங்கேற்புடன் கூடிய களஆய்வுகளின் வெற்றிகரமான ஒருங்கிணைப்பு.

மாதிரி ஆ பிழையற்றது, ஓசையும் உடையது. ஆயினும் அதில் இழந்தவற்றைப் பட்டியலிட்டுக் காண்பது நலம். ஏழு ஊர்களும் 112 பாடல்களும் ‘விரிவான தரவுத்தொகுப்பு’ ஆயின. ஒப்பாரி என்னும் வகையே காணாமற்போய் ‘வாய்மொழி மரபுகள்’ எனப் பொதுமையுற்றது. அலைபேசி ‘நவீனத் தொழில்நுட்பங்கள்’ எனப் பன்மை பெற்றது. தோழியின் உழைப்புக்கு இடமே இல்லை.

எல்லாவற்றினும் பெரிய இழப்பு கடைசித் தொடரில் உள்ளது. அன்னையின் உடனிருப்பு ‘சமூகப் பங்கேற்பு’ ஆகிவிட்டது. களப்பணி அறிந்த எந்தப் பேராசிரியரும் மாதிரி அ-வில் முதலில் கண் பதிக்கும் இடம் அதுவே. சாவு வீட்டுக்கு வெளியே, அயலார் முன் ஒப்பாரி பாடப் பெண்கள் தயங்குவர். அத்தயக்கம் எவ்வாறு தீர்ந்தது, யாருடைய வருகை அவர்களைப் பாடவைத்தது என்பது தரவின் இயல்பையே தீர்மானிக்கும் செய்தி. நேர்காணலில் அரைமணி நேர உரையாடலுக்கு அடித்தளமாகக்கூடிய அந்தத் தொடர், எழுதியவருக்குக் குறைபாடாகத் தோன்றியது. கருவிக்கு அது தரக்குறைவான நடையாகத் தோன்றியது. இருவரும் சேர்ந்து அடுப்பில் பூத்த காளானைத் துடைத்துவிட்டனர்.

இவ்வாறு நிகழ்வதற்குக் கருவியின் செயல்முறையிலேயே காரணம் உண்டு. பெருமொழி மாதிரி, தான் பயின்ற பெருந்தரவின் அடிப்படையில் ஒரு சொல்லுக்குப்பின் வரத்தக்க சொல்லை நிகழ்தகவால் கணிக்கிறது. ஆயிரமாயிரம் விண்ணப்பங்களில் வரும் தொடர் அதற்கு எளிதில் கைவரும். ஒரே ஒருவருக்கு உரிய செய்தி அதன் கணிப்புக்கு அயலானது. கபிலர் மன்னனிடம் விலக்கச் சொன்ன பொதுநோக்கு இங்கே எழுதுபவரின் கைக்கே வந்துவிடுகிறது. தரமறியாத அரசன் புலவரைப் பொதுவாக நோக்கினான். இன்று விண்ணப்பதாரரே தம்மைப் பொதுவாக நோக்கிக்கொள்கிறார்.

5. வினைமுற்று தொழிற்பெயராதல்

மாதிரி ஆ-வின் இலக்கண அமைப்பு தனியே கவனிக்கத்தக்கது. அதில் ஒரு வினைமுற்றுகூட இல்லை. சேகரித்தேன், எழுதினேன், உதவினார், பாடினார்கள் என்னும் நான்கு முற்றுகளும் நீங்கி, ஆவணப்படுத்தல், பயன்பாடு, உருவாக்கம், ஒருங்கிணைப்பு என்னும் பெயர்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன.

ஒரு வினை, செய்தவரையும் செயலையும் மட்டுமன்றி, அதற்குரிய கருவி, இடம், காலம், செயப்படுபொருள் ஆகியவற்றையும் உணர்த்தும் என்பது நன்னூலார் கருத்து. தமிழ் வினைமுற்றின் ஈறு செய்தவரின் இடத்தையும் எண்ணையும் தெரிவிக்கும். ‘தொகுத்தேன்’ என்பதற்கும் ‘தொகுத்தோம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ஓர் ஈற்றளவே. அவ்வீறு ஒன்றில் ஒரு தோழியின் உழைப்பு ஏற்கப்படுகிறது அல்லது மறுக்கப்படுகிறது. தொழிற்பெயருக்கு இக்கடப்பாடு இல்லை. ‘தொகுப்பு’ யாருடையது, எப்பொழுது நிகழ்ந்தது, முடிந்ததா என்னும் வினாக்களுக்கு அது விடை தராது.

ஆங்கிலத் தன்விவரக் குறிப்பின் மரபு இந்நெகிழ்ச்சியை இன்னும் மிகுவிக்கிறது. அங்கு எழுவாயை நீக்கி இறந்தகால வினையால் தொடரைத் தொடங்குவது வழக்கம். ஆங்கில வினையில் இடமும் எண்ணும் காட்டும் ஈறு இறந்தகாலத்தில் இல்லை. எனவே எழுவாய் நீங்கியதும் நானா நாங்களா என்பதும் நீங்கிவிடுகிறது. அம்மரபிலேயே மிகுதியும் பயின்ற கருவி, தமிழில் எழுதும்போதும் அதன் சாயலைக் கொண்டுவருகிறது. ‘உதவினேன்’ என்பது ‘பங்களிப்பு’ ஆகி, பின் ‘முன்னணிப் பங்களிப்பு’ ஆகி, இறுதியில் ‘தலைமை’ ஆகும் படிமுறையில் எந்தப் படியிலும் யாரும் பொய் சொன்னதாகத் தோன்றுவதில்லை. சொல்லப்பட்டது மட்டும் உண்மையிலிருந்து விலகிவிடுகிறது.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு வழி கிடைக்கிறது. ஆங்கிலத்தில் விண்ணப்பிக்க வேண்டியவரும் முதலில் தமிழில், வினைமுற்றுகளால் எழுதுதல் வேண்டும். செய்தவர் யார், எதனை, எக்கருவியால், எங்கு, எப்போது என்பன ஒவ்வொரு தொடரிலும் உள்ளனவா எனப் பார்த்தபின் கருவியிடம் தரலாம். திரும்பி வரும் ஆங்கிலத் தொடரை மீண்டும் தமிழ் வினைமுற்றாக மாற்றிச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். ‘நான் செய்தேன்’ என வாய்விட்டுச் சொல்லக் கூசும் தொடரை நீக்கிவிட வேண்டும்.

மாதிரி இ (இவ்வழியில் திருத்தியது):
2021 முதல் 2024 வரை உசிலம்பட்டி வட்டாரத்தின் ஏழு ஊர்களில் 112 ஒப்பாரிப் பாடல்களை அலைபேசியில் பதிவுசெய்தேன். அவற்றுள் 72 பாடல்களை நானே எழுத்தாக்கினேன். 40 பாடல்களை உடன்பயின்ற ஒருவரின் துணையோடு எழுத்தாக்கினேன். அயலார் முன் பாடத் தயங்கிய பெண்கள், இரண்டு ஊர்களில் என் தாயார் உடன்வந்த பின்னரே பாடினர்.

மாதிரி இ-யில் அடைமொழி ஒன்றும் இல்லை. மாதிரி அ-வின் பேச்சுச் சாயலும் இல்லை. கருவி உதவத்தக்க எல்லை இதுவே எனலாம்.

6. பல்கலைக்கழகத் தெரிவும் ஆய்வாளரின் பொறுப்பும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணலுக்கு அழைக்கப்படுவோரைப் பட்டியலிட மதிப்பெண் அட்டவணைகளை வகுத்துள்ளன. பல்கலைக்கழகங்களுக்கான அட்டவணையில் முனைவர் பட்டத்துக்கு 30 மதிப்பெண். ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், மிகுதியாக 10. இம்மதிப்பெண் அழைப்புக்கு மட்டுமே உரியது. தெரிவு நேர்காணலின் அடிப்படையில் அமையும் என்றும் அவ்விதி கூறுகிறது.

இவ்வமைப்பில் அலங்கார நடைக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் கட்டுரைப் பட்டியலுக்கு உண்டு. கருவியின் மிகக் கொடிய தீங்கு நிகழக்கூடிய இடமும் இப்பட்டியலே. முழுமையற்ற பட்டியலைத் தந்து ‘நிறைவு செய்க’ என்றால், பெருமொழி மாதிரி இல்லாத இதழ் எண்ணையும் பக்க எண்ணையும், சில வேளைகளில் இல்லாத கட்டுரையையே, நம்பத்தக்க வடிவில் படைத்துவிடும். நியூயார்க்கில் வழக்கறிஞர் இருவர் சாட்ஜிபிடி புனைந்த, நடைபெறாத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோளாகக் காட்டியமைக்காக 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. புனைந்தது கருவி, பொறுப்பு கையொப்பமிட்டவருடையது. பணி விண்ணப்பத்தின் அடியில் ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்று உறுதிமொழி எழுதிக் கையொப்பமிடும் நம் ஆய்வாளருக்கும் இது பொருந்தும்.

தெரிவுக் குழுவினர்க்கும் ஒரு பொறுப்பு உண்டு. கருவி எழுதியதா எனக் கண்டறியும் மென்பொருளை நம்பி ஒருவரை விலக்குதல் தகாது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய டோஃபல் கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அம்மென்பொருள்கள் சராசரியாக எந்திர எழுத்து எனத் தவறாக முத்திரையிட்டன. எளிய சொற்களைக் கொண்டு கவனத்தோடு எழுதும் ஆங்கிலமே அவற்றின் ஐயத்துக்கு இலக்காகிறது. நம் மாணவர்கள் எழுதும் ஆங்கிலம் பெரும்பாலும் அத்தகையது. கண்டறிவதற்கு நேர்காணலைவிடச் சிறந்த கருவி இல்லை. ‘அந்த இரண்டு ஊர்களில் என்ன நடந்தது?’ என்று ஒரு வினா போதும். மாதிரி இ-யை எழுதியவர் விடை சொல்வார்; மாதிரி ஆ-வை ஒப்புவித்தவரிடம் அந்த வினாவைக் கேட்கவே வழியிராது.

ஆதார் எண், முகவரி, சாதிச் சான்று விவரங்கள் முதலியவற்றைத் திருத்தத்தின்பொருட்டுக் கருவியில் உள்ளிடாதிருத்தல் வேண்டும் என்பதையும் இங்குச் சுட்டுதல் தகும். நடையைத் திருத்த அவை தேவையற்றவை.

7. முடிவுரை

எழுத்துப்பிழை நீக்கம், ஆங்கில வாக்கிய ஒழுங்கு, பணி அறிவிப்பின் தேவைகளோடு தம் அனுபவத்தைப் பொருத்திப் பார்த்தல், நேர்காணல் வினாக்களுக்குப் பயிற்சி ஆகியவற்றில் செயற்கை நுண்ணறிவுக் கருவி முதல் தலைமுறை ஆய்வாளருக்கு மெய்யான துணை. முன்பு இத்துணை, ஆங்கிலம் அறிந்த உறவினரோ நகரத்து நண்பரோ உடையவர்க்கே கிடைத்தது. அதனை மறுப்பவர் பழைய ஏற்றத்தாழ்வையே காப்பவர் ஆவார்.

எனினும் அத்துணைக்கு ஓர் எல்லை உண்டு. சொல்லைத் திருத்தலாம், வினைமுதலை மறைக்கலாகாது. நடையை உயர்த்தலாம், அளவை உயர்த்தலாகாது. தமக்கே உரிய செய்தியைத் தரக்குறைவெனக் கருதி நீக்குபவர், தம்மைக் காண்பதற்கிருந்த ஒரே சாளரத்தைத் தாமே அடைக்கிறார்.

தம்மைக் காணாது தந்த பெரும்பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்தார். பணி வேண்டி நிற்கும் ஆய்வாளருக்கு அவ்வாறு மறுக்கும் உரிமை இல்லை. வறுமை அதற்கு இடந்தராது. அதனினும் எளிய ஓர் உரிமை அவர் கையில் எஞ்சியுள்ளது. தாம் செய்ததைத் தாம் செய்த அளவில், ‘செய்தேன்’ என்று எழுதுவது அது. தரமறிய விரும்பும் ஒரு வாசகர் வாயிலுக்கு அப்பால் இருப்பாராயின், அவர் கண்டுகொள்ள அதுவே போதும்.